பூவாளி மிஸ்ஸி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எல்லோரும் தண்ணீருக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். தண்ணீரோடேயே சண்டை பிடித்தவர் பூவாளி மிஸ்ஸி ஒருவர்தான்.

மிஸ்ஸி ஓய்வுபெற்ற தாதி. தலை நரைக்கும்வரை ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நோயாளிகளுக்குக் குளோரபோமால் மயக்கம் கொடுத்தவர். நான் அப்போது சின்னதொரு பட்டினசபையின் தண்ணீர்ப் பகுதியில் கிளாக்கர். ஒருநாள் காலை மிஸ்ஸி ஒரு போத்தல் குழாய்த்தண்ணீரோடு வந்து தண்ணீர் வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியரின் மூக்கடியில் நீட்டினார்.

"மணந்து பாரும் தம்பி."

"குளோரின் மணக்குது மிஸ்ஸி. நாங்கள்தானே போட்டனாங்கள்."

"குளோரின் மட்டுமில்லை, குளோரபோமும் மணக்குது. உங்கடை தண்ணித் தாங்கியிலை பாசி கிடக்கு. பாசியும் குளோரினும் சேர்ந்தா உதுதான் வரும்."

ஓவசியர் மீசைக்குள் சிரித்தார். "உந்தத் தண்ணியைக் குடிச்சு ஒருத்தரும் நித்திரையாகேல்லையே."

மிஸ்ஸி மூலையைப் பார்த்தார். அங்கே எங்கள் தட்டச்சாளர் மெசின்மேல் தலைசாய்த்து நல்ல நித்திரை.

"காத்துப்பட விடும்," என்றார் மிஸ்ஸி. "மெல்லிசாச் சிந்தவிட்டா அது காத்தோடை பறந்திடும்."

நாங்கள் கேட்கவில்லை. அடுத்தநாள் பொதுப் பைப்படியில் உட்காரும் வாங்கு ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார் மிஸ்ஸி. கையில் தோட்டத்துப் பூவாளி. தண்ணீர் எடுக்க வந்த ஒவ்வொருவருடைய வாளியையும் வாங்கி, பூவாளியில் ஊற்றி, மேலேயிருந்து மழைபோலச் சிந்தவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அவசரமென்று மறித்த ஒருவர், அங்கேயே குளித்து முடித்த கோலத்தில் வேலைக்குப் போனார். ஓவசியர் போய் வாங்கை எடுக்கச் சொன்னார். மிஸ்ஸி எடுத்தார். மறுநாள் அதைவிட உயரமானதொன்றைக் கொண்டுவந்தார்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு யுத்தம் மறுபடி வந்தது. கரண்ட் நின்றது. பக்கத்துப் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்த சனங்களால் நிறைந்தது. வயிற்றோட்டம் வந்துவிடுமென்ற பயத்தில் ஓவசியர் அவர்களுக்குப் பீப்பாக்களில் போன தண்ணீரில் குளோரினை அள்ளிப் போட்டார். பிள்ளைகள் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, புகையிலைத் தோட்டத்துத் திறந்த கிணற்றுக்கு ஓடினார்கள். பயந்தபடியே வயிற்றோட்டம் வந்தது. ஒரு சின்னப்பிள்ளையைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உழக்கினார்கள். ஓவசியர் இன்னும் குளோரின் போட்டார். கிணற்றடியில் இன்னும் கூட்டம் கூடியது.

மிஸ்ஸி பள்ளிக்கூட முகாமுக்குள் வந்தார். பழைய தகரங்களின் அடியில் ஆணியால் ஓட்டை போடுவித்து, மரச்சட்டங்களில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடிப்பித்தார். உச்சியில் ஒரு பீப்பா.

"குளோரின் போடாட்டி சனம் சாகும் மிஸ்ஸி," என்றார் ஓவசியர்.

"போடவேண்டாமெண்டு ஆர் சொன்னது? மேலை போடும். நடுவிலை காத்துப் படட்டும். கடைசியிலை கீழை கொஞ்சம் போடும். குடிக்கக்கூடிய மாதிரித் தாரும், குடிப்பினம்."

தகரம் தகரமாகத் தண்ணீர் சிந்தி இறங்கியது. பிள்ளைகள் குடித்தார்கள். மிஸ்ஸியின் மூக்கு சொன்ன குளோரபோம் மெய்யா என்று பரிசோதிக்க எங்களிடம் ஒரு கருவியும் இருக்கவில்லை. ஆனால் கிணற்றடி வெறிச்சோடியது. மெல்ல மெல்ல வயிற்றோட்டமும் அடங்கியது.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது: அனுமதியில்லாத கட்டுமானம், கழற்றவும்.

ஓவசியரும் நானும் ஏணியோடு போனோம். மிஸ்ஸி தகரங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, குடை பிடித்துக்கொண்டு இருந்தார். எழும்பவில்லை.

"கழட்டும் தம்பி. நாளைக்கு உந்தப் பிள்ளையள் எந்தத் தண்ணியைக் குடிக்கிறதெண்டு சொல்லிப்போட்டுக் கழட்டும்."

குடிக்கும் பேணிகளோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் ஓவசியரையே பார்த்தார்கள். அவர் ஏணியில் ஏறினார். மேல்தகரத்தில் கை வைத்ததும் அது சரிந்து, அவ்வளவு தண்ணீரும் அவர் தலையில் கொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தை வழித்துவிட்டுப் பிள்ளைகளின் பேணிகளைப் பார்த்தார். பிறகு தகரத்தை நிமிர்த்தி, புதிதாக இரண்டு ஆணி இறுக்கி அடித்துவிட்டு இறங்கினார்.

"மேலிடத்துக்கு என்னெண்டு எழுதுறது?" என்று கேட்டேன்.

"ஏணி எட்டேல்லை எண்டு எழுதும்."

மிஸ்ஸி கதிரையை விட்டு எழும்பி, துவாயோடு வந்தார். "குனியும். தடிமன் பிடிக்கப்போகுது. இந்த வயசிலை ஒரு தலை துவட்டத் தெரியாது."

சபையே நடுங்கும் ஓவசியர் பிள்ளைபோலக் குனிந்து நின்றார். மிஸ்ஸி ஏசி ஏசித் துவட்டினார். ஒரு துளியும் நனையாமல் பக்கத்தில் நின்ற எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.