வெள்ளிக்கிழமை தூது வர வேண்டாம்

மரியாதைக்குரிய பெரியப்பா அபூ தைஸீர் அவர்களுக்கு, அகபாவிலிருந்து தம்பி மகன் ஃபாயிக் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் இங்கே நானும் லாரியும் உருப்படியாக இருக்கிறோம். அங்கே கராக்கில் தாங்களும் பெரியம்மாவும் தங்கள் முழங்கால்கள் இரண்டும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் தாங்கள் "என்னது? என்னது?" என்று கேட்க, நான் கத்த, ஓட்டுநர் ஓய்வறையில் படுத்திருக்கிற பதினைந்து பேரும் எழுந்து உட்கார்ந்து நம் குடும்ப விஷயத்துக்கு யோசனை சொல்கிறார்கள். அதனால் கராக் பஸ் ஓட்டும் மூஸா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான்: வருகிற வெள்ளிக்கிழமை தூது வர வேண்டாம். போன கடிதத்தில் கெஞ்சிக் கேட்டவன் நான்தான், மறுக்கவில்லை. பன்னிரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மஆனில், எனக்கு லாரி ஓட்டப் பயிற்சி கொடுக்கிற நவ்வாஃபின் அப்பா வீட்டுக்குப் போய், ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்து, "எங்க பையன் பயிற்சி ஃபாரத்துல உங்க மகன் கையெழுத்துப் போடறேன்னு சொன்னாத்தான் இதைக் குடிப்போம்" என்று சொல்லச் சொல்லி எழுதினேன். பெண் கேட்கவும் கொலைப் பகையில் சமாதானம் பேசவும் போகிற வழக்கத்தை ஒரு லாரிக்காக இழுத்தது என் கேடுகெட்ட புத்தி. என் நிலைமை அப்போது அப்படி. பல்கலைக்கழக வாசலில் பதினாறு வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன், பிள்ளைகள் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துப் படிக்கத் தொடங்கியதும் இயந்திரத்தை விற்றுவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் கனரக லைசென்ஸ் எடுத்தேன். கம்பெனி பதினான்கு நாள் பயிற்சி என்றது. பயிற்சி கொடுக்கிறவன் 'தனியாக ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போட்டால் வேலை. போடாவிட்டால் ஊருக்குத் திரும்பி என் மனைவி உம் குதைபாவுக்கும் ஆறு பிள்ளைகளுக்கும் முகம் காட்ட வேண்டும். கடையும் இல்லை, இயந்திரமும் இல்லை. பயந்துபோனேன் பெரியப்பா, வேறென்ன சொல்ல.

பயிற்சி கொடுத்த நவ்வாஃபுக்கு இருபத்தெட்டு வயது. என் கல்யாணத்தின்போது அவன் எங்கோ கோலி விளையாடிக்கொண்டிருந்திருப்பான். மரியாதை தெரிந்த பையன், என் மூத்தவன் பெயரைச் சேர்த்து "அபூ குதைபா" என்றுதான் கூப்பிடுவான். ஆனால் பேச மாட்டான். பக்கத்து இருக்கையில் கால் இரண்டையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். முதல் நாள் துறைமுகத்தில் டயர் ஏற்றிய கன்டெய்னரோடு நிற்கிறோம். நான் பிஸ்மி சொல்லி, தெரிந்த துஆவெல்லாம் ஒன்று விடாமல் ஓதி முடிப்பதற்குள் பின்னால் நாலு லாரி ஹாரன் அடிக்கிறது. அப்போதுதான் வாயைத் திறந்தான்: "என்ன அபூ குதைபா, ஹஜ்ஜுக்கா கப்பலேறப் போறோம்? டயருதான் கொண்டுபோறோம், எடுங்க." அன்றைக்கே சோதனைச் சாவடியில் காவலர் "காகிதம்" என்று கை நீட்டினார். பதற்றத்தில் லாரிக் காகிதத்துக்குப் பதிலாகக் குடும்பப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷர் ஆறு பிள்ளைகளின் பெயரையும் நிதானமாக வாசித்து, "மாஷா அல்லாஹ், பாவம், போங்க" என்று அனுப்பிவிட்டார். நவ்வாஃப் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்தானா, நொந்துகொண்டானா, தெரியவில்லை.

ஸஹாபில் கிடங்கு வாசலில் ரிவர்ஸ் எடுத்ததை எழுதவே கை கூசுகிறது. டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்கிறார்கள். எந்தச் சைத்தான் இதைக் கண்டுபிடித்தானோ. நான் முன்னால் போக, பின்னால் வர, மறுபடி முன்னால் போக, மூட்டை தூக்குகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, அட்டையை விரித்து உட்கார்ந்து ரொட்டியும் மொச்சையுமாகக் காலைச் சாப்பாட்டையே முடித்துவிட்டார்கள். ஒருத்தன் "ஒடிங்க ஒடிங்க" என்கிறான், இன்னொருத்தன் "ஐயோ நிறுத்துங்க" என்கிறான், மூன்றாவது ஆள் "விடுப்பா, நம்மள மாதிரி அவரும் புள்ளகுட்டிக்காரரு" என்கிறான். பன்னிரண்டாவது தடவை நூல் பிடித்தாற்போல் கொண்டுபோய் நிறுத்தினேன், கை தட்டினார்கள். அது பக்கத்துக் கிடங்கின் வாசல். "நல்லாத்தான் நிறுத்தினீங்க, அபூ குதைபா. என்ன, இங்க நமக்கு வேலை இல்ல" என்றான் நவ்வாஃப். தங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் ராஸ் அந்நகப் இறக்கம். உர மூட்டைகளோடு அந்த மலையிலிருந்து இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் தீய்ந்துவிடும், தாழ்ந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பாடம். நான் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினேன். ஒரு கழுதை எங்களை முந்திக்கொண்டு போனது, பொய்யில்லை. பின்னால் ஹாரன் சத்தம், ஒன்றல்ல, இருபது முப்பது வண்டி. என் பிறவியையே திட்டுகிறார்கள் என்று நினைத்து, வியர்த்து வழிந்து, கீழே போய்ச் சேர்ந்ததும் மன்னிப்புக் கேட்க ஓரங்கட்டினேன். எல்லா வண்டியும் கூடவே ஓரங்கட்டியது. கல்யாண ஊர்வலம்! மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நல்லாயிரு தம்பி! போன கல்யாணத்துல பசங்க ரேஸ் விட்டு ரெண்டு கார் போச்சு. இன்னைக்கு உன்னைத் தாண்ட ஒருத்தனாலயும் முடியல!" என்றார். சாப்பிடாமல் விடவே மாட்டேன் என்று இழுத்துப்போய், தயிரில் வெந்த ஆட்டிறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து என் முன்னால் தள்ளினார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி எனக்குத்தான் மரியாதை. நவ்வாஃப் மூன்று தடவை சோறு வாங்கினான்.

நேற்றோடு பதினான்கு நாள் முடிந்தது. கத்ரானாவில் டீசல் போட நிறுத்தினோம். டீச் சாமான் வைக்கிற பெட்டியின் மூடி மேல் ஃபாரத்தை வைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நவ்வாஃப், நெஜமாத்தான் போடறியா?" என்றேன்.

"அபூ குதைபா, என் பக்கம் பிரேக் கிடையாது, தெரியுமில்ல? இருந்தும் பதிமூணு நாளா மிதிச்சுக்கிட்டே வந்தேன். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. இன்னைக்கு ஹஸா தாண்டினதும் தூங்கிட்டேன். நீங்க எழுப்பித்தான் எழுந்தேன். ஒருத்தர் ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வந்தா நான் கையெழுத்துப் போடுவேன். வேற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது பெரியப்பா. இத்தனை நாளும் அந்தப் பையன் என்னை மட்டமாக நினைக்கிறான் என்று நான் வெந்துகொண்டிருக்க, அவன் எனக்குச் சமமாகப் பயந்துகொண்டு வந்திருக்கிறான். சிபாரிசு இல்லாமல், தூது இல்லாமல், என் கையால் நானே வாங்கிய கையெழுத்து இது. சனிக்கிழமை விடியற்காலை முதல் தடவையாகத் தனியாக ஸஹாபுக்குப் போகிறேன். மனம் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது, துளி கலக்கமில்லை. ஆகவே மேலங்கியை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள். வருவதாகச் சொன்ன பன்னிரண்டு பெரியவர்களிடமும், "ஃபாயிக் ஆம்பளையாத் தேறிட்டான்" என்று சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாவின் கையை முத்தமிட்டதாகச் சொல்லவும். அபூ தைஸீர் வீட்டு அடுப்பில் என்றும் காபி கொதிக்கட்டும், அதைக் குடிக்க ஆட்களும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஃபாயிக் (அபூ குதைபா)

பி.கு.: மூஸா பஸ் எடுக்க இன்னும் அரை மணி இருக்கிறது என்றான். சும்மா இருப்பானேன் என்று போய் லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இறங்கி வந்துவிட்டேன். பெரியப்பா, வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். பன்னிரண்டு பேர் போதாது, இருபது பேரைக் கூட்டி வாருங்கள். சனிக்கிழமை ஒரே ஒரு நடை நவ்வாஃப் என்னோடு வருகிறேன் என்று சொல்லும்வரை ஒருவரும் காபியைத் தொடக் கூடாது. அவன் எதுவும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினால் போதும்.