தோற்றுவிடுவதாகச் சொன்ன வழக்கு

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

மாமா அரசாங்க வேலையிலிருக்கும்போதே காலமானதால் அந்த வேலை வாரிசுக்கு வர வேண்டும். ஆனால் கல்யாணமான மகளுக்குக் கிடையாது என்கிறது சட்டம். அதை எதிர்த்து யாரோ ஒரு பெண் வழக்குப் போட்டாள். அவள் ஜெயித்தால் கல்யாணமாகிப் போன நம் பாப்பாவுக்கும் அவள் அப்பாவின் வேலை. அரசாங்க வக்கீலாக எதிரே நிற்பது நான் என்று தெரிந்து நீ ஃபோனில் அழுதாய். "கவலப்படாதக்கா, நல்லபடியா தோத்துட்டு வரேன்" என்று சொன்னவன் நான்தான்.

சும்மா சொல்லவில்லை. அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அமைச்சரே என் எதிரில் சொன்னார். "அப்ப கோர்ட்லயே அதச் சொல்லிடலாமே சார்" என்றேன். பக்கத்திலிருந்த சட்டச் செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "பிடிக்காத சட்டத்த நாம கைவிட்டா, நாளைக்கு வர்றவங்க நல்ல சட்டத்தையும் கைவிடுவாங்க. இருக்கிற வரைக்கும் அதுக்காக ஒருத்தர் நிக்கணும். நீங்க நில்லுங்க. ரொம்பப் பேச வேண்டாம்."

வீட்டில் சொன்னபோது உன் தம்பி பெண்டாட்டி, "பிடிக்கலன்னா சட்டசபையிலயே நீக்க வேண்டியதுதானே" என்றாள். ஓட்டுப் போய்விடும் என்று பயம் என்றேன். "அதுக்கு உங்கள அனுப்புறாங்களாக்கும்" என்றாள்.

ரொம்பப் பேசக் கூடாது என்றுதான் போனேன் அக்கா, அந்தப் பெண்ணின் வக்கீல் புதுசு, கேள்வி கேட்கக் கேட்கத் தண்ணீர் குடித்தார், நீதிபதி என் பக்கம் திரும்பி இந்தச் சட்டத்துக்கு ஏதாவது நியாயம் உண்டா என்றார், இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் எழுந்து நின்றால் நாக்கு தானாக வேலை பார்க்கிறது, இருக்கிற வேலை கொஞ்சம், ஆதரவே இல்லாதவர்களுக்குத்தானே முதலில் போக வேண்டும் என்றேன், "அப்ப கல்யாணமான மகனுக்கு மட்டும் எப்படிக் குடுக்கறீங்க" என்று மடக்கினார், அத்தோடு உட்கார்ந்திருக்கலாம், அதற்கும் ஒரு பதில் தோன்றித் தொலைத்தது, அதை உனக்கு எழுதக் கூசுகிறது, அவரோ பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார், அவர் குறிப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குப் பாப்பா ஞாபகமே வரவில்லை.

வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது.

வராண்டாவில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "சார், நீங்க பேசினதக் கேட்டப்ப, நான் கேக்கறது தப்போன்னு எனக்கே தோணிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பாப்பா "பரவால்ல மாமா" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

இனி அந்தச் சட்டத்துக்காக வாய் திறக்க மாட்டேன். அரசாங்கம் நிற்கச் சொன்னது, நின்றேன். வேறெதுவும் என் கையில் இல்லை. பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம், அவள் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
தலைகுனிந்த தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போட மனம் வராமல் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அந்தப் பெண் மேல்முறையீடு செய்துவிட்டாள். இந்த முறை சட்டத்தை ஆதரிக்கப் போவதில்லை என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. சந்தோஷப்படு. ஆனால், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சட்டத்துக்காகப் பேச யாராவது வேண்டும் என்கிறது மேல்நீதிமன்றம். கட்டாயம் இல்லை, விருப்பமிருந்தால் போதுமாம். போன தடவை நன்றாகப் பேசியவர் யார் என்று விசாரித்தார்களாம். ஒத்துக்கொண்டுவிட்டேன் அக்கா. பாப்பாவிடம் நீயே சொல்லிவிடு.