நாயைக் காட்டினால்தான் பிரஷ்

ஹட்டனில் பல்லைக் காட்டாமல் டூத்பிரஷ் வாங்கலாம். நாயைக் காட்டாமல் நாய் பிரஷ் வாங்க முடியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் பிரஷ் அக்கா விடமாட்டார். இப்படியொரு மனுஷி இலங்கையிலேயே எங்கள் ஊரில் மட்டும்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஒருமுறை கொழும்பு அம்மா ஒருவர் நாயை நுவரெலியா ஹோட்டலில் விட்டுவிட்டு வேனில் வந்தார். இருப்பதிலேயே விலை கூடிய பிரஷ் வேண்டுமாம்.

“நாய் எங்கங்க?”

“ஹோட்டல்ல. போட்டோ இருக்கு, பாருங்களேன்.”

“போட்டோவத் தடவிப் பாக்க முடியுங்களா?”

வேன் திரும்பிப் போய் நாயோடு வந்தது. அக்கா தடவிப் பார்த்துவிட்டு, கடையிலேயே மலிவான ரப்பர் பிரஷைக் கொடுத்தார். “குட்ட முடிங்க. கம்பி பிரஷ் போட்டா தோலுதான் கிழியும்.”

அடுத்தது என் நாய் கறுப்பன். அவன் படுத்த இடமெல்லாம் முடி. ரொட்டியிலும் ஒன்று அகப்பட்டதும் என் மனைவி கலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “ஞாயித்துக்கெழம பூண்டுலோயாவுலேருந்து எங்கண்ணன் வர்றாரு. அதுக்குள்ள முடி நிக்கலன்னா நாய் அவரோட போகுது.”

குட்டை முடிதானே என்று நான் மெல்லிய பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாய் பளபளத்தது, முடி நிற்கவில்லை. கறுப்பன் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டும் மழையில் அவனைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

அக்கா தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். “நனஞ்ச நாயெல்லாம் ஒரே நாய்தான் தம்பி. காயவச்சுக் கூட்டிட்டு வாங்க.”

மழைக்காலத்து ஹட்டனில் நாயை எங்கே காயவைப்பது? எங்கள் வீட்டில் துணியே ஒரு வாரமாக ஈரம். அக்கா பக்கத்து பேக்கரிக்காரரை அதட்டி, கறுப்பனைச் சூடான போறணை அடுப்பின் சுவரோரம் படுக்கவைத்தார். அவன் பாண் வேகும் வாசனையில் குறட்டை விட்டுக் காய்ந்தான்.

அக்கா கண்ணை மூடித் தடவினார். முடியை ஊதி விலக்கினார். “மேல சட்ட, உள்ளுக்குள்ள ஸ்வெட்டரு. நம்ம குளிருக்குன்னே பொறந்தவன்! கொட்டுறது ஸ்வெட்டரு. நீங்க சட்டைக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருக்கீங்க.”

என்னையே பாராட்டியதுபோல் எனக்கு நெஞ்சு விரிந்தது. அகலப் பல் வைத்த இரும்புச் சீப்பு ஒன்றைத் தந்தார். ஆனால் என் முரட்டுக் கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “வீட்டுல யாரு தேயிலக் கொழுந்து எடுக்குறது?”

“சம்சாரம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே பஸ் ஏறி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். சீப்பை என்னிடமிருந்து வாங்கிக் கலாவிடம் நீட்டினார். “செடியக் கவ்வாத்து வெட்டுற மாதிரி இழுக்காதீங்க தங்கச்சி. கொழுந்து எடுக்குற மாதிரி, பூப்போல.”

எங்கள் மலையில் கலாவின் கைக்கு ஈடு கிடையாது. முறைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். சாம்பல் நிற முடி பஞ்சாகக் குவிந்தது. கறுப்பன் அவள் முழங்காலில் தாடையை வைத்துக் கண்ணை மூடினான்.

“இவ்வளவையும் சொமந்துக்கிட்டா இருந்த, கறுப்பா?” என்றாள்.

மச்சான் கயிற்றோடு வந்து நின்றார். “நாய் எங்கம்மா?”

கலா தலை நிமிரவில்லை. “சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே.”

சாயங்காலம் அக்காவை பஸ் ஏற்றிவிட்டோம். கறுப்பன் பஸ்ஸுக்குப் பின்னால் வளைவு வரைக்கும் ஓடினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஓடினேன்.