எர்ரர் பாதியில் விட்ட எடிட்டர்

ஏலே எர்ரரு! உன்னைத்தான்லே. எப்போது கூப்பிட்டாலும் "இருலே, ஓடிக்கிட்டு இருக்கு" என்பாயே, இப்போது அங்கே என்னதான் ஓடிக்கொண்டிருக்கிறது?

இவனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் ஆரம்பித்து திருச்சுழி வரைக்கும், அங்கிட்டு வீரசோழன் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இப்படி ஒரு வீம்பு பிடித்தவன் கிடைக்க மாட்டான். ரெடிமேடாகக் கிடைக்கிற எதையும் தொட மாட்டான். சட்டை தைத்துத்தான் போடுவான். போட்டு வைத்த டீயைக் குடிக்க மாட்டான், கண் முன்னால் ஆற்றித் தரவேண்டும். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தால், "எதனால வலிக்குன்னு தெரியாம எதுக்குலே போடணும்?" என்று திருப்பித் தருவான். இந்த மாத்திரை விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் ஆத்திரமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில். முன்பக்கம் முதலாளி அண்ணாச்சி நோட்டும் பேனாவும் விற்பார். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு நானும் அவனும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு ஜெராக்ஸ் மிசின். அதன் மைப்பொடியான டோனர் ஒட்டி என் கை எந்நேரமும் கருப்பாக இருந்ததால் அவன் எனக்கு வைத்த பெயர் டோனர். அவனுக்கு எர்ரர் என்று பெயர் வைத்தது நான். அவன் பரளச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருவான். வீட்டில் அவனும் அவன் அம்மாவும்தான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் பொங்கல் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிப்பான்.

அடிப்பான் என்றா சொன்னேன்? அடிப்பதற்கு முன்னால் கட்டுவான்.

எழுத்து அடிக்க எடிட்டர் என்று ஒன்று வேண்டும். மற்ற கடைக்காரர்கள் அதை ரெடிமேடாக இறக்கி, ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவன் அப்படியில்லை. அந்த எடிட்டரை உண்டாக்கினவர்கள் எழுதின மூல எழுத்து, சோர்ஸ் கோடு என்பார்களே, அது மொத்தத்தையும் மூட்டை மூட்டையாக நெட்டில் இறக்கி, தன் கம்ப்யூட்டர் மிசினிலேயே அடியிலிருந்து கட்டுவான். காராச்சேவு தின்ன ஆசை வந்தால் நீங்களும் நானும் கடையில் கால் கிலோ வாங்குவோம். இவன் கடலை விதைக்க ஏர் பூட்டுகிற ஆள்.

"ஏன்லே, ஊரே ஒரு தட்டுல ஏத்துது. உனக்கு மட்டும் என்ன கேடு?" என்று கேட்டேன்.

"இது அரதப் பழசு மிசினுலே. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ட மூடும்போது அண்ணாச்சி தூக்கியாந்தது. இதுக்கு இனிமே எவனும் ரெடிமேடா பண்ண மாட்டான். கட்டுனாத்தான் ஓடும்."

"புதுசு வாங்கச் சொல்லு."

"ஓடுறத எதுக்குலே தூக்கிப் போடணும்?"

அவன் பேசியதில் அண்ணாச்சிக்குப் பிடித்த ஒரே வார்த்தை இதுதான்.

கட்ட ஆரம்பித்தால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். மிசினின் காற்றாடி மாவு மில் மாதிரி இரையும். யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. முகூர்த்த சீசனில், மல்லாங்கிணற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் திரையைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்ன தம்பி இது, சாமி வந்த மாதிரி ஆடுது?"

"கட்டிக்கிட்டு இருக்கு பெரியப்பா."

"என்னத்தக் கட்டுது?"

"எடிட்டரு."

"எப்ப முடியும்?"

"எர்ரர் வரலைன்னா சாயங்காலம்."

"வந்தா?"

"அப்பத்தான் வேலையே இருக்கு."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங்க தாலி கட்டணும்ப்பா. உன் எடிட்டரு கட்டி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு வீட்ல வேற மாப்பிள பாத்துருவாக" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இன்னொரு நாள் முக்கால்வாசி கட்டி முடிந்த நேரத்தில் கரண்ட் போனது. கடை இன்வெர்ட்டரின் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. இவன் என்ன செய்தான் தெரியுமா? வாசலில் வீரசோழனுக்கு லோடு ஏற்றி நின்ற அண்ணாச்சியின் குட்டியானை வண்டியில் இருந்த பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டிவிட்டான். அண்ணாச்சி வெயிலில் சாவியைத் திருகித் திருகிப் பார்த்து வியர்த்துப்போய் உள்ளே வந்தார்.

"ஏம்ப்பா, வண்டி ஏன் முனங்கக்கூட மாட்டேங்குது?"

"இருங்க அண்ணாச்சி, எண்பது சதம் வந்துருச்சு."

"வண்டியா?"

"எடிட்டரு."

அன்றைக்கு அண்ணாச்சி பேசினதை இங்கே எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

எர்ரர் என்று ஏன் பெயர் வைத்தேன் என்றால், அவனுக்கு எர்ரர் வந்தால்தான் முகத்தில் களை வரும். திரை முழுக்கத் திட்டு விழும். நான் எட்டிப் பார்த்து, "கடைசில ஏதோ போட்டிருக்கு பாரு" என்பேன். என் மண்டையில் ஒரு தட்டு விழும்.

"கடைசி வரிய பாக்காதலே. அது சும்மா கெடந்து அழுகுற வரி. மேல ஏத்து. மொத எர்ரர் எங்க வந்துச்சுன்னு பாரு. மத்ததெல்லாம் அது பெத்த பிள்ளைக."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லுவான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டர் ஏறிவிட்டால் மட்டும் போதாது. தமிழ் அடிக்க ஒரு பேக்கேஜ், பத்திரிகைக் கட்டம் போட ஒரு பேக்கேஜ் என்று தனித்தனியாக மேலே ஏற்ற வேண்டும். அதையும் மூலத்திலிருந்துதான் கட்டுவான். ஒன்றை ஏற்றினால் அது இன்னொன்றைக் கேட்கும், அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்கும். பங்காளிக்குப் பத்திரிகை வைத்தால் பங்காளியின் சம்பந்திக்கும் வைக்கவேண்டிய கதை. போதாததற்கு அவனே ஒரு பேக்கேஜ் எழுதினான். ஒரு கருமாதிப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய், அந்த மனுசர் கடைக்குள் புகுந்து அடித்து வைத்திருந்த அத்தனையையும் கிழித்துப் போட்ட பிறகு செய்தது. யார் யார் பெயர் வேண்டும் என்று அது முறைப்படி பார்க்கும். ஒரு உறவுமுறை விட்டுப்போனாலும் "எர்ரர்: தாய்மாமன் இல்லை" என்று நின்றுவிடும். பிரிண்ட் கொடுக்காது. மிசினுக்கே முறை செய்யச் சொல்லிக் கொடுத்த பாவி உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான்.

திருச்சுழியிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் கருமாதிப் பத்திரிகைக்கு வந்தார். "எர்ரர்: உடன்பிறந்தார் இல்லை" என்று நின்றுவிட்டது.

"எங்கப்பா ஒத்தப் பிள்ளைங்க" என்றார் அவர்.

"சரிண்ணே. அண்ணன் தம்பி மாதிரிகூட யாரும் இல்லையா? கூடவே சுத்துனவுக?"

அவர் யோசித்தார். "வீரசோழன் பாய் ஒருத்தரு. எங்கப்பா கூடவே கெணறு வெட்டுனவரு."

"அவுக பேரச் சொல்லுங்க."

அண்ணாச்சி முன்பக்கத்திலிருந்து கத்தினார். "ஏலே, இது என்ன கூத்து? ஒத்தப் பிள்ளைன்னா விட்டுட்டு அடிக்க வேண்டியதுதான?"

"விட்டுட்டு ஓடுற மாதிரி நான் கட்டல அண்ணாச்சி. ஒரு மனுசன் செத்தா, அண்ணன் தம்பின்னு சொல்ல ஒரு ஆளு கூடவா இல்லாமப் போயிரும்?"

கருமாதி முடிந்து அந்த பாய் கடைக்கு வந்தார். அந்தப் பத்திரிகையில் இன்னொன்று இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

இப்படிப்பட்டவன்தான் செத்துப்போனான். அதுவும் எப்படி? புது எடிட்டர் வந்திருக்கிறது என்று பழையதைச் சுத்தமாக அழித்துவிட்டு, புதியதைப் பாதி கட்டிக்கொண்டிருந்தபோது. நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வாலே."

"வாய்வுலே. இது முடியட்டும், போவோம்."

சோடா வாங்கிவரச் சொன்னான். குடித்தான். ஏப்பம் வந்ததும், "பாத்தியா, சரியாப் போச்சு" என்றான். சட்டையெல்லாம் வியர்த்து ஒட்டியிருந்தது. நானும் அண்ணாச்சியும் அவனை இழுத்து ஆட்டோவில் போட்டோம். ஏறும்போது என் கையைப் பிடித்து, "மிசின ஆஃப் பண்ணிராதலே" என்றான். அவன் பேசினதில் கடைசி அதுதான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பற்றி இல்லை. மிசின்! அந்த மிசினும் சாயங்காலம் கரண்ட் போய்த் தானாகவே நின்றது.

எழவு வீட்டில் அவனுடைய பெரியப்பா ஒருவர் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார், கம்ப்யூட்டர் வெளிச்சம் நெஞ்சில் இறங்கிவிட்டதாம். அவர் சட்டையைப் பிடிக்கப் போன என்னை நாலு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

சில நாள் கழித்து அவன் அம்மா கடைக்கு வந்தார்கள். அவன் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றார்கள்.

"ஊருக்கெல்லாம் எம்புள்ள கருமாதிப் பத்திரிக அடிச்சான். அவனுக்கு வேற எங்கயும் அடிக்க வேண்டாம்யா. அவன் மிசினுலயே அடிச்சுக் குடு."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த மிசினில் எடிட்டரே இல்லை. பதினாறாம் நாளுக்குள் பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

"எதிர்க்கடையில பத்து நிமிசத்துல அடிச்சுருவான்" என்றார் அண்ணாச்சி. "ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரன் வாரான். மிசினத் தூக்கிப் போட்டுருவோம்."

"அதுக்குள்ள நான் ஏத்திருவேன்."

"நீயா? உனக்கு இங்கிலீஷு தெரியுமாலே?"

எழுத்துத் தெரியும். கோர்த்துப் படிக்கத்தான் தடுமாறும். ஆனால் அவன் விரல் எங்கெங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் உட்கார்ந்து அவன் அடிப்பதை அப்படியே அடித்தேன். ஓடியது. தடதடவென்று ஓடி, திரை நிறையத் திட்டு விழுந்து நின்றது. கடைசி வரியைப் பார்த்தேன். போன் கேமராவைத் திரைக்கு நேரே காட்டித் தமிழில் என்ன என்று பார்த்தேன். 'நிறுத்தப்பட்டது' என்று வந்தது. அது எனக்கே தெரியுமே! மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. மிசினை ஓங்கி அறைந்தேன். செத்தும் உயிரை வாங்குகிறாயே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

அப்போதுதான் மண்டையில் அந்தத் தட்டு விழுந்த மாதிரி இருந்தது. மேல ஏத்து.

ஏற்றினேன். நூற்றுக்கணக்கான வரி. ஏற்ற ஏற்ற எனக்குள் வேறு ஒன்று ஓட ஆரம்பித்தது. கடைசி வரி, ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைத் துணி. அதற்கு மேலே சோடா. அதற்கு மேலே, முந்தின வாரம் பேப்பர் கட்டைத் தூக்கிவந்தவன் நடுவழியில் அதன் மேலேயே உட்கார்ந்து, "வெயிலு" என்று சொன்னது. இன்னும் மேலே, ஒரு நாள் இடது கையை உதறிக்கொண்டே வந்து, "கீபோர்டு அடிச்சு அடிச்சு வலிக்குலே" என்றது. இடது கை! அதுதான்லே மொத எர்ரர்! எனக்குப் பத்துத் தடவை சொன்ன நாயே, நீ ஏன்லே மேல ஏத்திப் பாக்கல? எதனால வலிக்குன்னு தெரியாம மாத்திரை போடமாட்ட. தெரிஞ்சுக்கிட டாக்டர் கிட்டயாவது போனியா?

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் முதல் எர்ரர் திரையில் நின்றது. போனைக் காட்டினேன். ஏதோ ஒன்று இல்லை என்றது. அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடினால், அவன் இறக்கி வைத்திருந்த மூட்டைகளுக்குள்ளேயே இருந்தது. முதலில் அதைக் கட்டினேன். பிறகு எடிட்டரை ஓடவிட்டேன். மற்ற எர்ரர் அத்தனையும் போன இடம் தெரியவில்லை. பெத்தவள் போனதும் பிள்ளைகளும் போய்விட்டன.

பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவனுடைய முறைப் பேக்கேஜையும் ஏற்றினேன். பெயர், ஊர், அம்மா, தாய்மாமன், சித்தப்பா, சட்டையைப் பிடிக்கப் போனேனே அந்தப் பெரியப்பா உட்பட எல்லாரையும் போட்டேன். பிரிண்ட் கொடுத்தேன்.

எர்ரர்: உடன்பிறந்தார் இல்லை.

"இப்பவும் உனக்கு வீம்புதானலே!" என்று கீபோர்டில் குத்தினேன். எப்போது சாப்பிட்டு வந்தாரோ, அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"போட்டுத் தொலைலே" என்றார்.

"என்னத்தப் போட?"

"உம்பேரத்தான்."

"அவன் சொந்தக்காரவுக ஏதாவது சொல்லுவாக அண்ணாச்சி."

"சொல்லட்டும். நான் பேசிக்கிடுறேன்."

"நெசப் பேரா?"

"அவன் உன்ன என்னன்னுலே கூப்பிட்டான்?"

டோனர் என்று அடித்தேன். ஓடியது. பத்திரிகை சூடாக வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்தான். அண்ணாச்சி காற்றுப் போன சைக்கிள் ஒன்றைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டார். மிசின் அங்கேயேதான் இருக்கிறது. நான் ஆஃப் பண்ணுவதில்லை.

என் ஆத்திரம் தீரவில்லை, தீரவும் தீராது. அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. உங்களிடம் கேட்பது வேறு. கோயிலோ பள்ளிவாசலோ மாதாவோ, எங்கே கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் இன்றைக்கு ஒரு தடவை அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நெசப் பேர் தெரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம். எர்ரர் என்றே சொல்லுங்கள். டோனரோட அண்ணன் என்று சேர்த்துச் சொன்னால், சாமிக்கு அடையாளம் தெரிந்துவிடும்.