திறந்து பார்க்காத மேதை

உலகத்தில் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு; படிக்காமல் எழுதுகிறவர்களும் உண்டு. இந்த இருவருக்கும் நடுவே, படித்ததாகத் தேதி போட்டு எழுதுகிற மூன்றாவது இனம் ஒன்று பெருகி வருகிறது. மருத்துவ இதழ்களில் அதற்கு நல்ல மேய்ச்சல். நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால் வாருங்கள், ஒருவரைக் காட்டுகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் தலைவர். எல்லோரும் அவரை 'லிங்க் டாக்டர்' என்பார்கள், அவர் காதில் விழாமல்.

அவருடைய கட்டுரைக்கு உடம்பு சிறியது, வால் பெரியது. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும் என்று ஒரு வரி எழுதினாலும், அதற்குச் சாட்சியாக நாலு இணைய முகவரிகளை அடியில் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். முகவரிகள் எங்கிருந்து வந்தன? இன்னொருவர் கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்து. அவருக்கு? அவருக்கு முந்தியவரிடமிருந்து. ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் 'பார்த்த தேதி' போட வேண்டும் என்பது இதழ்களின் சட்டம். போட்டுவிடுவார். கட்டுரையை அனுப்புகிற நாள்தான் எல்லாவற்றுக்கும் பார்த்த நாள். ஒருமுறை அந்த நாளில் அவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக மயக்க மருந்து வாங்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். அந்த நிலையிலும் அத்தனை பக்கங்களைப் பார்த்திருக்கிறார் என்றால், மனிதர் உழைப்பாளிதான்!

உதவி டாக்டர் ஒருத்தி மட்டும் ஒருநாள் துணிந்து கேட்டாள்: "சார், அனுப்பறதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு தடவை திறந்து பார்த்துடட்டுமா?"

"எதுக்கு? எங்கேயாவது ஓடியா போயிடும்?"

ஓடித்தான் போகும். பக்கத்தை நடத்துகிற அலுவலகம் பெயரை மாற்றும், புதிதாக வந்த அதிகாரி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்புவார், பழைய முகவரியை எவனோ ஒரு வியாபாரி மடக்கிக்கொள்வான். இதெல்லாம் நம்மவருக்கு வேண்டாத விவகாரம்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது. அக்கா மகள். அவளும் குழந்தை டாக்டர். தொலைவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு பெண் குழந்தை, தாத்தாவின் இதய மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிட்டதாம். மாற்று மருந்து கையில் இருக்கிறது. எப்போதாவது எடுக்கிற மருந்து. குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அவசரமாகத் தேடியதில் அவளுக்கு அகப்பட்டது மாமாவின் கட்டுரை.

"என் கட்டுரையாம்மா? எந்த இதழ்ல வந்தது?" என்றார் மாமா, நிமிர்ந்து உட்கார்ந்து.

"அது கிடக்கட்டும் மாமா. 'எடைக்கேற்ற அளவுகளை இங்கே காண்க'ன்னு ஒரு லிங்க் போட்டிருக்கீங்க. திறந்தா செருப்பு விளம்பரம் வருது."

"உங்க பக்கம் நெட் சரியில்லையோ என்னமோ. இன்னொரு தடவை தட்டிப் பாரேன்."

"தட்டிட்டேன். இப்போ பாதி விலைக்குத் தரேங்கறான். அளவு உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

ஒருமுறையாவது பார்த்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்க! அந்த அட்டவணை நீளமா, அகலமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

"வேற யாராவது எழுதியிருப்பாங்கம்மா, பாரு..."

"ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. ரெண்டு பேருமே உங்க கட்டுரையைப் பார்க்கச் சொல்றாங்க."

போனை வைத்துவிட்டாள். அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தெரிந்த பேராசிரியர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரும் அன்போடு ஆளுக்கொரு லிங்க் அனுப்பினார்கள். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அங்கே அக்கா மகள் வார்டுக் குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்து, மருந்துப் பெட்டியோடு வந்த துண்டுத்தாளை, பிரித்ததும் நாம் எல்லோரும் கசக்கி எறிகிற அந்தப் பொடி எழுத்துத் தாளை, தேடி எடுத்தாள். அளவு அதில் இருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. செய்தி கேட்ட மாமா நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு திருந்தினாரா? பிரமாதமாகத் திருந்தினார். மருத்துவ இதழ்களில் கொடுக்கும் இணைய முகவரிகள் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகின்றன, அதனால் நோயாளிகளுக்கு என்ன கேடு என்று மனம் உருக உருக ஒரு கட்டுரை எழுதினார். நாலு பேர் பாராட்டினார்கள். பெருமை தாங்காமல் அக்கா மகளுக்கும் அதன் லிங்க்கை அனுப்பினார். உடனே பதில் வந்தது: "திறக்கல மாமா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் டாக்டரும் இல்லை, கட்டுரையும் எழுதுவதில்லை. ஆனால் இன்று காலை, சர்க்கரை வியாதிக்கு அருமையான யோசனை, அவசியம் படியுங்கள் என்று குடும்பக் குழுவில் ஒரு லிங்க்கைத் தள்ளிவிட்டீர்களே, அதைத் திறந்து பார்த்தீர்களா? உங்கள் பெரியப்பா திறந்து பார்த்துவிட்டார். நீங்கள் அனுப்பியதாயிற்றே என்று நம்பி, இன்றைய மாத்திரையை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார்.