இரண்டு நட்சத்திர ஏரி

ஏரிப் பராமரிப்பு அலுவலகத்தின் வாசலில் நீர்மட்டம் காட்டும் மின்பலகை ஒன்று உண்டு. புதிதாக வந்த தலைமைப் பொறியாளருக்கு அதைப் பார்த்த முதல் நாளே தலைவலி வந்தது. 97.38 அடி என்றிருந்தது. புள்ளியும் பின்னங்களும் அலுவலகத்தின் மாண்புக்கு ஊறு விளைவிப்பதாக அவர் கருதினார்.

கணினிப் பெண்ணைக் கூப்பிட்டார். “இரண்டே இலக்கம் வர்ற மாதிரி வடிவத்தை மாத்துங்க. இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான். பார்க்க லட்சணமா இருக்கும்.”

“நூறைத் தாண்டினா இடம் பத்தாது சார். எண்ணுக்குப் பதிலா வெறும் நட்சத்திரக் குறிதான் விழும்.”

“இதுவரைக்கும் தாண்டியிருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் ஏம்மா அபசகுனமாப் பேசறீங்க?”

அவள் மாற்றிக் கொடுத்தாள். ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. ஒரு காலையில் பலகையில் இரண்டு நட்சத்திரங்கள் மின்னின.

அவள் மாடிக்கு ஓடினாள். பொறியாளர் ஃபோனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா, ரெண்டு நட்சத்திரத் தரம். மேலிடத்துலேருந்து குடுத்திருக்காங்க போல.”

“சார், அது தரம் இல்ல. தண்ணி நூறைத் தாண்டிடுச்சு. உடனே மதகைத் திறக்கணும்.”

“திறக்க உத்தரவு போடணும்னா அளவு எழுதணும். பலகையில அளவு எங்க இருக்கு?”

“கருவியில நூத்தி மூணு காட்டுது.”

“அதிகாரபூர்வ அளவு பலகையில இருக்கறதுதான். இல்லாத எண்ணை நான் எப்படிக் கோப்புல எழுதறது?”

அவள் மதகுக்காரரிடம் போனாள். உத்தரவில்லாமல் சாவியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று அவர் கையை விரித்தார். கடைசியில் தெருவுக்கு வந்து, “மேட்டுக்குப் போங்க, கரை தாங்காது” என்று கத்தினாள். பலகை முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். மறைக்கிறாளாம்.

மத்தியானம் கரை உடைந்தது. உயிர்கள் பிழைத்தன, வீடுகள் பிழைக்கவில்லை.

பலகையில் எந்த எண்ணும் நூறைத் தாண்டாததால் வெள்ளம் நிகழவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. வதந்தி பரப்பியதற்காக அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

அடுத்த வாரம் ஊரே திரண்டு அலுவலகத்தை முற்றுகையிட்டது. ஒருவழியாக நியாயம் கேட்க வந்துவிட்டார்கள் என்று அவள் வாசலுக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள்.

முன்னால் நின்ற பெரியவர் இடுப்பளவு சேற்றுக் கறையோடு கோபமாகக் கேட்டார்: “பக்கத்து ஊர் ஏரிக்கு மூணு நட்சத்திரமாம். நாங்க மட்டும் என்ன இளப்பமா?”