புகையில்லாத இருபத்து மூன்று நாட்கள்

நெய்வேலி, வட்டம் 19
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பில் சிறந்த மைத்துனர் ஜெயகணேஷுக்கு, அத்தான் வெள்ளைச்சாமி நலம் கூறி எழுதுவது. இங்கு நானும், உன் அக்கா பேச்சியம்மாளும், எங்களைத் தன் குவார்ட்டர்ஸில் வைத்துக் காப்பாற்றும் மகள் தேவயானியும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். என் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. உன் அக்கா எதற்கும் கட்டுப்படவில்லை. சாத்தூரில் உன் சேவுக்கடை வியாபாரமும் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கவும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் மட்டும்தான் பேச முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இருக்கன்குடிக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "அருள்மொழியை என்கிட்ட விடு மாப்ளே, எங்க சங்கத்துல ஒரு வருஷ வேலை வருது, அது அவனுக்குத்தான்" என்று நான் வாக்குக் கொடுத்தது உண்மை. இரண்டாவது முறை பாயசம் வாங்கிய பிறகு கொடுத்த வாக்கு என்றாலும் வாக்கு வாக்குதான். நீயும் மறுவாரமே பயோடேட்டாவையும் இரண்டு கிலோ காரச்சேவையும் சேர்த்துப் பார்சல் அனுப்பிவிட்டாய். அந்த வேலை உன் மகன் அருள்மொழிக்கு இல்லை. கடிதத்தைக் கிழிக்காமல் மேலே படி.

நடந்தது இதுதான். சென்னையில் ஒரு அறக்கட்டளை, சுற்றுச்சூழல் வேலையில் இளம் பிள்ளைகளைப் பழக்குவதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆறு மாதம் வேலை, சம்பளம் அவர்கள் கொடுப்பார்கள், வேலை கொடுத்து மேய்ப்பது உள்ளூர்ச் சங்கம். எங்கள் வட்டத்து மரம் வளர்ப்புச் சங்கத்துக்கு மூன்று இடம் தந்தார்கள். கடைசியில் ஒருவருக்கு ஒரு வருட வேலை. அது மூவரில் ஒருவருக்கா, வெளி ஆளுக்கா என்று சங்கம் சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை, பிள்ளைகள் பலதரப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தலைவர் கருணாகரனும் செயலாளராகிய நானும் கமிட்டி கூட்டி மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, வட்டம் 5-லிருந்து ஒரு இன்ஜினியர் மகன், வட்டம் 11-லிருந்து ஒரு இன்ஜினியர் மகன், வட்டம் 27-லிருந்து ஒரு இன்ஜினியர் மகன் என்று பொறுக்கி எடுத்தோம். ஒருவனுக்குப் பூர்வீகம் நாங்குநேரி, ஒருவனுக்கு உசிலம்பட்டி, ஒருவனுக்குத் தாராபுரம். இதைவிடப் பலதரம் எங்கே கிடைக்கும்? பட்டியலைப் பார்த்துவிட்டு அறக்கட்டளையிலிருந்து புவனா என்ற அம்மணி போன் செய்தாள். "சார், டவுன்ஷிப்புக்கு வெளிய மனுஷங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். மைன்ஸில் வேலை பார்த்த முப்பத்தேழு வருஷமும் வெளியூர்ப் பஸ்ஸில் அவர்களைப் பார்த்துக்கொண்டே போய் வந்தவன் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுபடி சுற்று வட்டார பஸ் ஸ்டாப்புகளில் நோட்டீஸ் ஒட்டினோம். மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்து அன்புச்செல்வன், காது கேட்காதவன். கான்டிராக்ட் தொழிலாளி ஒருவரின் மகள் ஆதிலட்சுமி. அப்புறம் காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து அபி. அபியின் அம்மா மாணிக்கம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கொட்டைத் தோட்டின் பால் பட்டு விரல் தோலெல்லாம் வெந்திருக்கும். அபியும் பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து உடைத்தவள்தான். முதல் நாள் கையெழுத்துப் போடும்போது விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டாள், நான் பார்த்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாகம் மைன்ஸ் நிர்வாகம். எனவே மூவருக்கும் ஹெல்மெட், கம்பூட்ஸ், விசில், ஏ ஷிப்ட், பி ஷிப்ட். "மரத்துக்குத் தண்ணி ஊத்த ஹெல்மெட் இன்னாத்துக்கு சார்?" என்றாள் அபி. பாதுகாப்பு முதலில் என்றேன். மரங்களுக்குக் குவார்ட்டர்ஸ் மாதிரி நம்பர் போட்டேன். தினமும் லாக் புக் எழுதி, மாதக் கடைசியில் புவனாவுக்கு அனுப்பினேன்: "விபத்து இல்லை. உற்பத்தி இல்லை." இப்படியே நான்கு மாதம் போனது. ஐந்தாம் மாதம் புவனா போனில் குரலை இறக்கிப் பேசினாள். காட்டுவதற்கு ஒரு வேலையும் இல்லையென்றால் திட்டத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம், அந்த ஒரு வருட வேலையும் சேர்ந்து போய்விடுமாம். எனக்கு அருள்மொழி ஞாபகம்தான் வந்தது. அபிக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அபிதான் சொன்னாள். "காலையில வூட்டுக்கு வூடு எலைய கூட்டி எரிச்சிகினே இருக்காங்க சார். தெருவெல்லாம் பொகை. எங்க ஊர்ல முந்திரி எலைய அப்படியே மக்க வுடுவோம். இங்க வாங்கி மக்க வெச்சா மரத்துக்கே போடலாம்." நல்ல யோசனை. அதைக் கெடுக்க என்னால்தான் முடியும். உற்பத்தி என்றால் இலக்கு வேண்டுமே! தராசு வாங்கி, தெரு முனையில் போர்டு வைத்து, எந்தத் தெரு எத்தனை கிலோ இலை கொடுத்தது என்று தினமும் சாக்பீஸில் எழுதினேன். மாப்ளே, இந்த ஊரில் ரிட்டயர் ஆன எவனுக்கும் உற்பத்தி என்ற வார்த்தை காதில் விழுந்தால் உடம்பு கேட்காது. முதல் வாரம் கூட்டினார்கள். இரண்டாவது வாரம் மரத்தை உலுக்கினார்கள். மூன்றாவது வாரம் துரட்டியோடு ஏறினார்கள். முப்பது வருஷமாக வாசலில் இலையை எரித்த கருணாகரன், பக்கத்து வட்டத்தில் கையில் சாக்கோடு பிடிபட்டார். "வாக்கிங் வந்தேன்" என்றாராம். எங்கள் தெரு வேம்பு இரண்டும் மொட்டை.

அபி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "மரத்த காப்பாத்தத்தான வந்தோம் சார்? நீங்க மொட்டையடிச்சிகினு இருக்கீங்க. மெட்ராஸ்லேந்து புவனாம்மா வந்து பாத்தா இன்னா சொல்லுவாங்க? இது போச்சின்னா நான் திங்கக்கெழம திரும்பக் கொட்டை ஒடைக்கத்தான் போவணும்." சொல்லிவிட்டு விரல்களை என் முன்னால் விரித்துக் காட்டினாள். இந்த முறை மறைக்கவில்லை. தோல் ஆறிப் புதிதாக வளர்ந்திருந்தது. ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு நான் செய்த ஒரே நல்லது அதுதான் மாப்ளே, அதுவும் நான் செய்ததில்லை.

"சரி, நீயே சொல்லு" என்றேன். "மைன்ஸ் கேட்டாண்ட 'விபத்தில்லாத நாட்கள்'னு போர்டு இருக்குதே, பஸ்ல வரசொல்ல தெனம் பாப்பேன். கிலோவ அழிச்சிட்டு, 'புகையில்லாத நாட்கள்'னு எழுதுங்க சார்" என்றாள். அன்றைக்கே எழுதினேன். அவ்வளவுதான், தெரு அடங்கிவிட்டது. அந்த எண்ணைப் பூஜ்யமாக்கிய பாவம் தன் தலையில் விழ எவன் சம்மதிப்பான்? பன்னிரண்டாம் நாள் கருணாகரன் கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடப் போனார். அவர் சம்சாரமே வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டாள். இலையெல்லாம் நாங்கள் வெட்டிய எருக்குழிக்குப் போனது. அன்புச்செல்வனும் ஆதிலட்சுமியும் புரட்டிப் புரட்டி, ஈர மண் வாசனையோடு கறுப்பாக எரு இறங்கியது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்கிறது. காலையில் வாசலுக்கு வந்தால் தேவயானிக்கு இருமல் இல்லை.

போர்டில் இருபத்து மூன்று என்று இருந்த அன்று புவனா வந்தாள். தெருவை இரண்டு முறை நடந்து பார்த்தாள், எருவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இந்த போர்டு யாரோட ஐடியா சார்?" என்றாள். "எங்க செயலாளர்தான்" என்று கருணாகரன் என் முதுகில் தட்டினார். உன் மகனுடைய பயோடேட்டா என் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. அபி கொஞ்சம் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, எல்லாம் அபி. அந்த ஒரு வருஷ வேலையும் அபிக்குத்தான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அபி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

எனவே வாக்குத் தவறினேன். உன் அக்கா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் சத்தமாக வைக்கிறாள். ஆனாலும் மனசு நிம்மதியாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. அருள்மொழியை இங்கே அனுப்பாதே, அவனுக்கு இந்த ஊரில் என்னால் எதுவும் ஆகாது. உன் சம்சாரத்துக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், உன் கல்லாவில் கூட்டம் குறையாதிருக்கட்டும், இருக்கன்குடி மாரியம்மன் உன் கோபத்தைச் சீக்கிரம் ஆற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வாசலில் பையோடு ஒருவன் வந்து நிற்கிறான். பார்த்தால் அருள்மொழி. மதுரைக்குப் பரீட்சை எழுதப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறானாம். அடுத்த ஆறு மாதத்துக்கு வரும் புதுப் பிள்ளைகளில் ஒருவனாக, நம் இருவரிடமும் சொல்லாமல், சென்னைக்கு நேராக விண்ணப்பம் போட்டிருக்கிறான். போனில் நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்தவர்கள் புவனாவும் அபியும். நாளை ஏ ஷிப்ட். ஆகவே மேலே எழுதிய நான்கு பக்கமும் தேவையே இல்லை. என்னை மன்னிக்கவும் வேண்டாம், அவனை அனுப்பாமலும் இருக்க வேண்டாம். விண்ணப்பத்தில் "இந்தச் சங்கத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா?" என்று ஒரு கேள்வி. அதற்கு உன் மகன், "உண்டு, செயலாளர் என் அத்தையின் கணவர். ஆனால் அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அப்பா சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறான். இப்படி உண்மையை எழுதியதால்தான் எடுத்தோம் என்று, அவன் பின்னாலேயே வந்த அபி சிரித்துக்கொண்டே எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு உன் அக்கா வாயைத் திறந்து என்னிடம் பேசினாள்: "எந்தம்பி சரியாத்தான சொல்லிருக்கான்?"